தொடைப் பாக்கெட்டில் கட்டிங் பிளேயர், முன் பாக்கெட்டில் போன்

வீடுகளிலும் கடைகளிலும் சிசிடிவி கேமரா மாட்டுவது என் வேலை. பாதி நாள் ஏணியில்தான் போகும். நான்கு வருடம் ஆண்களுக்கான கார்கோ பேன்ட்டைத்தான் போட்டேன். தொடைக்குச் சரியாக எடுத்தால் இடுப்பு லூசாக இருக்கும். பெல்ட்டை இறுக்கினால் பின்னால் துணி கூடாரம் மாதிரி நிற்கும். குனியும்போதெல்லாம் ஒரு கை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும்.

பெண்கள் அளவிலேயே தைத்த இந்தக் காம்பட் பேன்ட்டை, அதாவது ராணுவ உடை மாதிரி திட்டுத்திட்டாக நிறம் போட்ட பேன்ட்டை, போன தை மாதம் பாரிமுனைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் 1,450 ரூபாய்க்கு எடுத்தேன். அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பின்பக்கம் இடுப்புப் பட்டி உயரம், பக்கவாட்டில் எலாஸ்டிக். கொஞ்சம்கூட இறங்கவில்லை. அதிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் பாக்கெட். லேடீஸ் ஜீன்ஸில் பாதிக்கு வெறும் தையல்தான் இருக்கும். இதில் ஆறும் நிஜம். முன்னால் போன் முழுசாக உள்ளே போகிறது. தொடைப் பாக்கெட்டுகளின் ஓரத்தில் மடிப்பு இருப்பதால் சாமான் போடப் போட விரிந்து கொடுக்கின்றன. வலதில் கட்டிங் பிளேயர், டெஸ்டர், டேப். இடதில் கனெக்டர், ஸ்க்ரூ. மூடிக்குப் பட்டன் இருக்கிறது, குனிந்தாலும் எதுவும் கொட்டாது. ஆனால் கனமான சாமானைப் போடாதீர்கள், ஏறும்போது முட்டியில் இடிக்கும்.

துணி ரிப்ஸ்டாப். உற்றுப் பார்த்தால் குட்டிக் குட்டிக் கட்டங்கள் தெரியும். தடித்த நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் கிழிசல் பரவாது. கோடம்பாக்கத்தில் ஒரு கிரில் கம்பி குத்திய ஓட்டை இன்னும் அதே அளவில்தான் இருக்கிறது. பாலியெஸ்டர் 65, காட்டன் 35 சதவீதம் என்பதால் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கால் வெந்துவிடும். ஐப்பசி மழையில் அதே துணி ஃபேனுக்கு அடியில் ஒரே ராத்திரியில் காய்ந்துவிடுகிறது.

இரண்டாவது வாரமே ஒரு மூடிப் பட்டன் தெறித்தது. அம்மா எல்லாவற்றையும் இரட்டை நூலில் தைத்துக் கொடுத்தார். நீங்கள் போடுவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். கணுக்கால் கயிற்றை உள்ளே செருகிவிடுங்கள், ஏணிப் படியில் மாட்டும்.

"போலீஸ் பிடிக்காதா?" என்று அம்மா பயந்தார். இது பச்சை, பழுப்பு, கறுப்பு, மணல் நிறம் கலந்த வுட்லேண்ட் என்ற காட்டு மறைப்பு டிசைன். 1981இல் அமெரிக்க ராணுவம் கொண்டுவந்த வடிவம். நம் ராணுவம் 2022இல் அறிமுகப்படுத்திய, குட்டிச் சதுரங்களாலான டிஜிட்டல் வடிவத்தை எடுக்காதீர்கள். சிப்பாய் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு ராணுவ உடை அணிவது குற்றம். பரங்கிமலை ராணுவப் பயிற்சி அகாடமியில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெற்று அந்தச் சீருடையைச் சம்பாதிக்கிறார்கள். அந்தப் பக்கம் வேலை என்றால் நான் கறுப்பு பேன்ட்தான் போடுவேன்.

ஒரே ஒரு பெரிய குறை: கடையில் 34க்கு மேல் அளவே இல்லை. என்னோடு வேலை செய்யும் அக்காவுக்கு 38 வேண்டும். அவர் இன்னும் அந்தக் கூடார பேன்ட்டில்தான் ஏணி ஏறுகிறார்.