பிஎச்க்யூ-9 சுயபரிசோதனை: தொடர்ந்து பயன்படுத்தியதில் தெரிந்தது

மனச்சோர்வைத் தானே சோதித்துப் பார்க்க உதவும் கேள்வித்தாள்களில் நான் விடாமல் பயன்படுத்தி வருவது பிஎச்க்யூ-9. ஸ்பிட்சர், குரோன்கே, வில்லியம்ஸ் ஆகியோர் உருவாக்கியது. 2001-ல் ஆய்விதழில் வெளிவந்தது. ஃபைசர் நிறுவனத்தின் நிதியில் உருவானது. மருந்துக் கம்பெனிக் காசு என்றதும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்பது கேள்விகள். கடந்த 2 வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று பார்த்து 0 முதல் 3 வரை போட வேண்டும். அதிகபட்சம் 27. 10 வந்தால் மிதமான மனச்சோர்வு, 20-ஓ அதற்கு மேலோ வந்தால் கடுமையானது என்பது கணக்கு.

அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. தூக்கம், களைப்பு, பசி, கவனம் ஆகிய நான்கிலும் 3 போட்டாலே 12 வந்துவிடும். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 பற்றாக்குறை, சில மருந்துகள் எல்லாமே இதே நான்கைக் கெடுக்கக்கூடியவை. டாக்டர் என் தாளைப் பார்த்ததும் முதலில் இரத்தப் பரிசோதனைக்குத்தான் எழுதிக்கொடுத்தார். அப்புறம், எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் அளவுகடந்த உற்சாகத்தோடு நாட்கள் போயிருக்கின்றனவா என்று கேட்டார். அளவுகடந்த உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறா என்று தெரிந்துகொள்ளத்தான். தாளில் அந்தக் கேள்வியே கிடையாது. நோய் என்று முடிவு செய்ய, ஒன்பதில் ஐந்து அறிகுறிகளாவது பெரும்பாலான நாட்களில் இருக்க வேண்டும். முதல் இரண்டான ஆர்வமின்மை, சோகம் ஆகியவற்றில் ஒன்றாவது அதில் சேர வேண்டும். ஆகவே முதல் இரண்டு வரிகளில் என்ன போட்டிருக்கிறோம் என்பதைத் தனியாகப் பாருங்கள்.

இது நன்றாக உதவுவது சிகிச்சை தொடங்கிய பிறகுதான். 5 புள்ளி குறைந்தால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தூக்கம் முதலில் சரியானது. ஆர்வம் வெகுநாள் அசையவே இல்லை. பழைய தாள்கள் கையில் இருந்ததால் அதை டாக்டரிடம் காட்டிப் பேச முடிந்தது. தினமும் போட்டுப் பார்ப்பது வீண், 2 வாரத்துக்கு ஒருமுறை போதும்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியும் கேட்கிறது. மொத்தம் எவ்வளவு குறைவாக வந்தாலும் சரி, அங்கே 0 தவிர வேறு எதைப் போட்டாலும் அன்றைக்கே டாக்டரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லிவிடுங்கள். அந்த எண்ணம் வலுவாக இருந்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், தனியாக இருக்க வேண்டாம். நான் பார்த்த ஒரு செயலி இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மதிப்பெண்ணை வண்ணத்தில் காட்டி, அடியில் சந்தா கட்டச் சொன்னது. எரிச்சலாக இருந்தது.

தாளின் கடைசியில் இன்னொரு கேள்வி உண்டு: இந்தத் தொல்லைகளால் வேலை, வீட்டுக் காரியம், மனிதர்களோடு பழகுவது எவ்வளவு சிரமமாகியிருக்கிறது? இதற்கு மதிப்பெண் கிடையாது என்பதால் சில இணையப் படிவங்களில் இதை வெட்டிவிடுகிறார்கள். அது இருக்கிற படிவத்தையே தேடி எடுங்கள்.