காற்றாலையா, சூரிய மின்சாரமா: தமிழ்நாடு எதை முதலில் பார்க்க வேண்டும்?

2030-க்குள் நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் சாராத 500 கிகாவாட் மின்திறன் என்று 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்தது. அதில் தமிழ்நாடு எதை நம்புவது?

சூரிய மின்சாரத்தை வேகமாக நிறுவலாம். கமுதியின் 648 மெகாவாட் நிலையம் 2016-இல் வந்தது. வீட்டு மாடியிலும் பலகை வைக்கலாம். ஆனால் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில் அது ஓய்ந்துவிடும். பேட்டரிக்குத் தனிச் செலவு.

காற்று ராத்திரியிலும் வீசும். கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை நல்ல வேகம். மற்ற மாதங்களில் மெலிந்துவிடும், உண்மைதான். எனக்கு வருத்தம் வேறு: அந்தக் கணவாய்ப் பகுதியிலுள்ள முப்பந்தலின் அருமையான காற்று இன்னமும் பல பழைய, சிறிய காற்றாலைகளில் வீணாகிறது. அங்கேயே உயரமான புதியவற்றை நிறுத்தினால், வேறு நிலம் தேடாமலே கூடுதல் மின்சாரம் கிடைக்கும்.

சரி, என் தேர்வு? வீட்டு மாடிக்குச் சூரியன். அரசின் முதல் கவனம் முப்பந்தலுக்கு.