அலாரமா, மாத்திரையா, நடுராத்திரியில் எழுப்புவதா?

ஏழு வயதுப் பிள்ளை படுக்கையில் உச்சா போனால், நம் வீடுகளில் முதலில் செய்வது, பன்னிரண்டு மணிக்குத் தூக்கிக்கொண்டுபோய் பாத்ரூமில் நிறுத்துவது. நாங்களும் அதைத்தான் செய்தோம். சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறக்காமலே போவான். காலையில் கேட்டால் எதுவும் ஞாபகம் இருக்காது. மெத்தை நனையவில்லை, சரி. ஆனால் சிறுநீர்ப்பை நிறைந்ததும் விழித்துக்கொள்ள வேண்டியது அவன். அந்த வேலையை நான் செய்துகொண்டிருந்தேன்.

அலாரம் இதற்கு நேர் எதிர். ஜட்டியில் ஒரு சென்சார், தோளருகே சின்னப் பெட்டி. கொஞ்சம் ஈரம் பட்டாலே அலறும். முதல் வாரம் பாட்டி எழுந்தார், தங்கச்சி எழுந்து அழுதாள், அவன் மட்டும் அசையவில்லை. இங்கேதான் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவனை உலுக்கி எழுப்பி, அலாரத்தை அவன் கையாலேயே அணைக்க வைத்து, நடந்துபோய் மிச்சத்தை முடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். தொடர்ந்து 14 இரவு நனையாமல் இருந்தால்தான் நிறுத்தலாம். விடாமல் செய்தால் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குப் பலன் கிடைக்கிறது, நிறுத்திய பிறகும் பெரும்பாலும் அது நிலைக்கிறது. என் ஓட்டு இதற்குத்தான். வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் கெடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டெஸ்மோபிரசின் மாத்திரை இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கிறது. பலன் தருகிற பிள்ளைக்கு முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். நிறுத்தினால் பலருக்குத் திரும்பிவிடும். பள்ளிச் சுற்றுலா, கல்யாண மண்டபத்தில் ஜமக்காளத்தில் வரிசையாகப் படுக்கும் இரவு, இதற்கெல்லாம் இதுதான் கைகொடுக்கும். ஆனால் மாத்திரை போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை தண்ணீரை நன்றாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

திட்டுவது, ஊரார் முன் கேலி செய்வது இந்த ஒப்பீட்டிலேயே வராது. பரம்பரையாகவும் வருகிற விஷயம் இது. பாட்டியிடம் கேட்டால் அப்பாவின் கதையும் வெளியே வரும்.

எதை எடுப்பதற்கு முன்னாலும் மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். சிலருக்கு அதைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்தவன் திடீரென்று மறுபடி ஆரம்பித்து, கூடவே தாகமும் எடைக்குறைவும் இருந்தால், இந்த மூன்றுமே வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் போய் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.