பக்கத்துச் சைக்கிள் கடையா, பெருங்கடையா, இணையமா?

போன வருடம் என் சைக்கிளில் ஒரு சத்தம் வந்தது. வலது கால் கீழே போகும் ஒவ்வொரு முறையும் ஒரு ‘கிரீச்’. முதலில் ஒரு பெரிய கடைக்குக் கொண்டு போனேன். மேஜையில் இருந்தவர் வண்டியைத் தொடாமலே கணினியில் ஏதோ தட்டிவிட்டு, பெடல்களுக்கு நடுவே அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். மாற்றினார்கள். நான்கு நாள் கழித்து வண்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டவில்லை, மறுபடி கிரீச்.

அப்புறம் வீட்டுக்கு அருகிலிருந்த சின்னக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, “ஏறி ஒரு சுத்து சுத்துங்க” என்றார். சுற்றினேன். “இப்ப உக்காராம நின்னுக்கிட்டே மிதிங்க.” நின்று மிதித்தேன். சத்தம் இல்லை. “அப்ப கீழ ஒண்ணும் இல்ல, மேலதான்” என்றவர் சீட் தண்டை உருவி, குழாய்க்குள் துணியை விட்டுத் துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி செருகி இறுக்கினார். ஐந்து நிமிட வேலை. உருவுவதற்கு முன்பே என் சீட் உயரத்தைக் குறித்து வைக்கத் தண்டில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

இந்த ஒரு கதையோடு ‘சின்னக் கடைதான் ஒசத்தி’ என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் வேறொரு சின்னக் கடையில் ஒரு வால்வு கேட்டுப் போய்ப் பத்து நிமிடம் நின்றிருக்கிறேன். முதலாளி என் பழைய வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனுக்குத் திரும்பிவிட்டார். விலை கூடிய கார்பன் ஃபிரேம் வண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். அந்தப் பக்கம் நான் மறுபடி போகவே இல்லை. அதனால் கடை சின்னதா பெரிதா என்பதை விட்டுவிட்டு, எந்த வேலைக்கு எங்கே போனால் என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம்.

புது வண்டி வாங்க

விலையில் இணையத்தோடு மோதுவது கஷ்டம். ஜெர்மனியில் கோப்ளென்ஸ் நகரத்திலிருந்து இயங்கும் கேன்யன் போன்ற நிறுவனங்கள் நடுவில் கடையே வைக்காமல் நேரடியாக விற்றுத்தான் பெரிதாயின. கடைக்குப் போக வேண்டிய பங்கு நமக்கு மிச்சமாகும், அல்லது அதே காசுக்கு ஒரு படி மேலான கியர் வரும். ஆனால் வீட்டுக்கு வருவது ஒரு பெட்டி. ஹேண்டில்பார், முன்சக்கரம், சீட், பெடல் எல்லாம் நாம்தான் பூட்ட வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ், வலப்பக்கம் சுற்றினால் கழலும். அது தெரியாமல் ஸ்பேனரில் முழு பலத்தையும் காட்டினால் பெடலைத் தாங்கும் அலுமினியக் கையான கிராங்கின் மரை தேய்ந்து, முதல் நாளே கிராங்கை மாற்ற வேண்டியதுதான்.

பெருங்கடையில் வண்டி பூட்டித் தயாராக நிற்கும். யார் பூட்டியது என்பதுதான் கேள்வி. பல இடங்களில் பூட்டுகிறவருக்கு வண்டிக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் கை வேகமாக ஓடும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முன்பின்னாகத் திரும்பி நிற்கும் புது வண்டியை நானே பார்த்திருக்கிறேன். முன்பிரேக், ஃபோர்க்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. விற்பனையாளரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், வண்டி அங்கேயே நின்றது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் பெருங்கடை பெரும்பாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். சின்னக் கடையால் அது முடியாது.

பக்கத்துக் கடையில் விலை கொஞ்சம் கூடுதல், நிறமும் இரண்டு மூன்றுதான் இருக்கும். ஆனால் நல்ல கடைக்காரர் வண்டியைக் காட்டுவதற்கு முன்பு எங்கே ஓட்டப் போகிறீர்கள், எவ்வளவு தூரம் என்று கேட்பார். ஏற்றி உட்கார வைத்து முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பார். புது வண்டி ஓட்டிய சில வாரங்களில் கியர் கேபிளின் உறை அழுந்தி உட்காரும், ஸ்போக்ஸும் கொஞ்சம் தளரும். கியர் தடுமாறும். இது எங்கே வாங்கிய வண்டிக்கும் நடப்பதுதான். கடையில் வாங்கியவர் உருட்டிக்கொண்டு போனால் பல கடைகளில் அந்த முதல் சரிசெய்தல் இலவசம். பெட்டியில் வாங்கியவர் யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

என்னைக் கேட்டால் முதல் சைக்கிளைக் கடையில் வாங்குங்கள். மூன்றாவது சைக்கிள் என்றால் உங்கள் அளவு உங்களுக்கே தெரியும், இணையம் போதும். கடையில் மூன்று வண்டியை ஓட்டிப் பார்த்து அளவைத் தெரிந்துகொண்டு, வாசலில் நின்றே போனில் ஆர்டர் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்த அரை மணி நேரம் அவர் பிழைப்பு.

உதிரிபாகம்

டியூப், பிரேக் கட்டை, விளக்கு போன்றவற்றை எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். அளவு பார்க்க வேண்டிய சாமான் வந்தால்தான் இணையம் சிக்கலில் மாட்டிவிடும். டயரில் ‘28 அங்குலம்’ என்று எழுதியிருக்கும். அது 622 மி.மீ. ரிம்முக்கானதாகவும் இருக்கலாம், 635-க்கானதாகவும் இருக்கலாம். 700சி, 29 அங்குலம் என்று வெவ்வேறு பெயரில் விற்பவை இரண்டும் அதே 622. ‘26 அங்குலம்’ என்ற பெயரிலோ ஒன்றுக்கொன்று பொருந்தாத பல அளவுகள். பழைய டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த மூன்று இலக்க எண்ணைப் பார்க்காமல் ஆர்டர் போட்டு நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். கடைக்காரர் எண்ணைக்கூடப் பார்க்க மாட்டார், ரிம்மைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பார்.

டிஸ்க் பிரேக்கில் இது இன்னும் ஆபத்து. ஷிமானோ கம்பெனியின் பிரேக்குக்கு மினரல் ஆயில், ஸ்ராம் கம்பெனியின் பல மாடல்களுக்கு ‘டாட்’ என்ற வேறு வகைத் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் கெட்டு, பிரேக்கே வீணாகிவிடும்.

அப்புறம் சில்லறைச் சாமான். பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பில் வழக்கமாகக் கால் அங்குலப் பால்ரஸ் பக்கத்துக்கு ஒன்பது இருக்கும். ஒன்று உருண்டு சாக்கடையில் விழுந்துவிட்டால் இணையத்தில் ஒரு முழு பாக்கெட் வாங்கி, அது வரும்வரை நடக்க வேண்டும். கடையில் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். பெருங்கடையில் இதைக் கேட்டுப் பார்த்தேன். பார்கோடு இல்லாத எதையும் அவர்களால் விற்க முடியாதாம்.

இன்னொன்று, மலிவாகக் கொடுக்கிறவர் எப்போதும் இருப்பார் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனின் பெரிய இணையச் சைக்கிள் கடைகளான விகிளும் செயின் ரியாக்‌ஷனும் 2023 அக்டோபரில் திவால் நடவடிக்கைக்குள் போயின.

பழுது பார்க்க

போட்டி உண்மையில் இங்கேதான். இதில் இணையம் விளையாட்டிலேயே இல்லை. வீடு தேடி வந்து பழுது பார்க்கிறவர்கள் உண்டு, பஞ்சருக்கும் பிரேக்குக்கும் வசதிதான், ஆனால் சக்கரக் கோட்டம் எடுக்கும் ஸ்டாண்டை எல்லாரும் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். மிச்சம் பெருங்கடையின் பட்டறையும் பக்கத்துக் கடையும்.

பெருங்கடையில் ரசீது கிடைக்கும், என்று தருவோம் என்ற தேதி கிடைக்கும், எந்த வேலைக்கு எவ்வளவு என்று சுவரில் எழுதியிருக்கும். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. ‘நாளைக்கு வாங்க’ என்று ஒரு வாரம் இழுக்கும் சின்னக் கடைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அங்கே ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர் நம் வண்டியைத் தொடுவார். போன முறை என்ன செய்தார்கள் என்பது கணினியில் ஒரு வரியாக இருக்கும், ‘ஜெனரல் சர்வீஸ்’ என்று.

பக்கத்துக் கடைக்காரருக்கு என் வண்டி ஞாபகம் இருக்கிறது. கூடுதலாகக் கொடுக்கும் காசு இதற்குத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக்ஸ் இரண்டு முறை அறுந்தது அவருக்குத் தெரியும். மூன்றாம் முறை அறுந்தபோது வெறுமனே மாற்றிக் கொடுத்து அனுப்பவில்லை. சக்கரத்தைச் சுற்றவிட்டு ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்டிக் கேட்டார். இடப்பக்கத்தில் நான்கைந்து கம்பிகள் சத்தமே இல்லாமல் தொளதொளவென்று இருந்தன. பாரம் முழுக்க மற்றவற்றின் மேல் விழுந்துதான் ஒன்று மாற்றி ஒன்று அறுந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இழுப்புக்குக் கொண்டு வந்தார். அதற்கப்புறம் அறுந்ததே இல்லை. முதல் இரண்டு முறை வேறு இரண்டு பேர் பார்த்திருந்தால் இந்தக் கணக்கு யாருக்கும் பிடிபட்டிருக்காது.

செயினிலும் அப்படித்தான். அதன் கணு இடைவெளி 12.7 மி.மீ. தேயத் தேய அது நீளும். 11, 12 கியர் வண்டிகளில் நூற்றுக்கு அரை பங்கு நீண்டதும் மாற்றச் சொல்வார்கள், விட்டால் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களையும் தின்றுவிடும். போன மாதம் நானே மாற்றிவிடுங்கள் என்று போய் நின்றேன். அளவுகோலை வைத்துப் பார்த்து, “இன்னும் ரெண்டு மாசம் ஓடும், மழை முடியட்டும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். விற்கக்கூடிய ஒரு சாமானை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரர் பிறகு ஒன்று வேண்டும் என்று சொன்னால் நான் கேள்வி கேட்பதில்லை.

2023 செப்டம்பரில் ஷிமானோ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2019 ஜூலைக்கு முன்பு தயாரான 11 கியர் வண்டிகளுக்கான ‘ஹாலோடெக்’ வகைக் கிராங்குகள் சிலவற்றில் ஒட்டு பிரிந்து உடையக்கூடும், பரிசோதிக்க வேண்டும் என்று. வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 7,60,000 கிராங்குகள். வண்டியை இணையத்தில் வாங்கியவரும் பெருங்கடையில் வாங்கியவரும் வரிசையில் நின்றது ஏதோ ஒரு கடையின் பட்டறை வாசலில்தான். அந்த வரிசையில் பழகின முகத்தைக் கடைக்காரர் முதலில் கூப்பிட்டிருந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நாமே செய்துகொண்டால்?

பஞ்சர், செயின் எண்ணெய், பிரேக் கட்டை ஆகிய மூன்றும் எல்லாரும் கற்றுக்கொள்ளக்கூடியவை. இதைச் சொல்லிக் கொடுக்கும் கடை நஷ்டப்படாது. வேடிக்கை என்னவென்றால், வீட்டில் பழுது பார்க்கிறவர்கள் ஆசைப்பட்டு வாங்கும் நீல நிறப் பார்க் டூல் கருவிகளே ஒரு பக்கத்துக் கடையில் பிறந்தவைதான். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்தில் ஹேசல் பார்க் பகுதியில் பழுதுபார்க்கும் கடை நடத்திய இரண்டு பேர், தரையில் குனிந்தே வேலை செய்து அலுத்துப்போய் வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட் ஒன்றைச் செய்தார்கள். 1963-இல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் பெயரிலும் அந்தப் பேட்டையின் பெயர்தான் ஒட்டியிருக்கிறது.

எப்போது கடையை மாற்றலாம்

கழற்றிய பழைய பாகத்தைக் காட்டாத கடையில் எனக்கு நம்பிக்கை போய்விடும். சொன்னதற்கு மேல் வேலை வந்தால் செய்வதற்கு முன்பு ஒரு போன் போட வேண்டும், பில்லில் பார்த்துத் தெரிந்துகொள்ள வைக்கக் கூடாது. பெண்கள் வண்டியோடு போனால் கூட வந்த ஆணைப் பார்த்துப் பதில் சொல்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டியதில்லை. ‘உள்ளூர் வியாபாரத்தை வாழ வையுங்கள்’ என்று போர்டு மாட்டிவிட்டு இதையெல்லாம் செய்கிறவருக்கு விசுவாசம் கேட்க உரிமை இல்லை.

புள்ளி அட்டை, பத்தாவது சர்வீஸ் இலவசம் போன்றவை என்னை அசைப்பதில்லை. வேலை மலைபோலக் குவிந்த நாளில் ‘வச்சிட்டுப் போங்க, சாயங்காலம் பாத்துக்கலாம்’ என்கிற அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் வருடம் முழுக்கச் சில்லறைச் சாமான்களை அங்கேயே வாங்குகிறேன். 2020-இல் உலகம் முழுக்கச் சைக்கிளுக்கும் உதிரிபாகத்துக்கும் பஞ்சம் வந்தபோது, எனக்கு ஒரு டியூப் எடுத்து வைத்திருந்ததும் இதே மனிதர்தான்.

முழு விசுவாசி என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. இணையத்தில் தள்ளுபடியில் வாங்கிய இரண்டு டயர் நேற்றுத்தான் வந்தன. நாளைக் காலை எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். சுருளைப் பிரித்து, 622 தானா என்று பார்த்து, “என்கிட்ட கேட்டிருக்கலாம்ல” என்று முணுமுணுப்பார். கூலியை முழுசாகக் கொடுத்துவிட்டு, வேண்டுமோ வேண்டாமோ, புது டியூப் இரண்டு அவரிடமே வாங்கிப் போடச் சொல்ல வேண்டும்.