ஸ்டில்மன் அண்ட் பர்ன் ஆல்ஃபா: வரைந்த வரிசையைக் காப்பாற்றும் ஸ்கெட்ச்புக்

ஸ்கெட்ச்புக்கின் மதிப்பு அதிலுள்ள நல்ல படங்களால் மட்டும் வருவதில்லை. கோணலாகிப்போன கை, பாதியில் விட்ட முகம், ஓரத்தில் தீற்றிப் பார்த்த வண்ணம் எல்லாமே வரைந்த வரிசையில் இருந்தால்தான் கண்ணும் கையும் எப்படிப் பழகின என்பது பின்னால் தெரியும். லியொனார்டோ டா வின்சியின் குறிப்புத் தாள்களை 16ஆம் நூற்றாண்டில் சிற்பி பொம்பேயோ லியோனி பிரித்து, வெட்டி, ஒட்டித் தொகுத்தார். 'கோடெக்ஸ் அட்லாண்டிகஸ்' என்னும் அந்தத் தொகுப்பில் பழைய வரிசை குலைந்தேபோனது. ஆகவே ஸ்கெட்ச்புக் வாங்கும்போது பேப்பருக்கு முன்னால் பைண்டிங்கைப் பாருங்கள்.

ஸ்டில்மன் அண்ட் பர்ன் நிறுவனத்தின் ஆல்ஃபாவில், கெட்டி அட்டை போட்ட ஹார்ட்பவுண்ட் வகை இதில் நன்றாகவே தேறுகிறது. தாள்களை மடித்து, கட்டுக் கட்டாக நூலால் தைத்திருக்கிறார்கள். பழகிய பிறகு தட்டையாக விரியும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே காட்சியாக வரையலாம், ஸ்கேன் செய்யும்போதும் நடுவில் நிழல் அதிகம் விழாது. புதிதில் விறைப்பாக இருக்கும். முதுகை மேசைமேல் வைத்து, முன்னாலிருந்து ஐந்தாறு தாள், பின்னாலிருந்து ஐந்தாறு தாள் என்று மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். எடுத்ததும் நடுவில் பிளந்து மடக்கினால் முதுகுப் பசை விரிசல் விடும். பிடிக்காத பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம். நூலுக்கு அந்தப் பக்கம் அதற்கு ஒரு ஜோடித் தாள் உண்டு, அதுவும் கழன்றுவிடும்.

ஸ்பைரலில் கிழிப்பது சுலபம், அதுதான் அதன் ஆபத்து. போதாததற்குத் தாள்கள் கம்பியில் ஆடி ஒன்றோடொன்று உரச, 4பி, 6பி போன்ற மென்மையான பென்சில் கோடுகள் மங்கிப்போகும். தைத்த புத்தகத்திலும் பென்சில் கரி எதிர்ப்பக்கத்தில் ஒட்டத்தான் செய்யும், ஆனால் குறைவு. பக்கங்களுக்கு நடுவே ஒரு கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்) வைத்தால் போதும். கோடு கலையாமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே அடிப்பதானால் காற்றோட்டமான இடத்தில், ஓரடி தள்ளி, மெல்லிய பூச்சாக இரண்டு முறை.

பேப்பர் 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்), நடுத்தரச் சொரசொரப்பு, அமிலமற்றது. பென்சில் நன்றாகப் பிடிக்கும், அழித்தாலும் நார் எழும்பாது. உள்ளும் புறமும் சைசிங் (ஈரம் உடனே உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு) கொடுத்திருப்பதால் பேனா மை கசிந்து பரவாது. லேசான வாட்டர்கலர் வாஷ் உடனே உறிஞ்சப்படாமல் மேலே நின்று, காய்ந்த பின்னும் நிறம் பளிச்சென்று இருக்கும். ஈரத்தின்மேல் ஈரமாக நிறைய நீர்விட்டால் தாள் அலையலையாக நெளியும். நன்றாகக் காய்ந்த பிறகு மூடி, கனமான எதையாவது ஏற்றி வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும். ஈரம் காயும் முன்பே மூடினால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். வாட்டர்கலர்தான் முக்கியம் என்றால் இதே நிறுவனத்தின் 270 ஜிஎஸ்எம் பீட்டாவை எடுங்கள். தாள் எண்ணிக்கை குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பேப்பர் பல வருடம் தாங்கினாலும் மை தாங்க வேண்டுமே. சாய மை வெளிச்சத்தில் வெளுக்கும், நீர் பட்டால் கரையும். நிறமி மையே நல்லது. தேதியையும் இடத்தையும் வரைந்த அன்றே பென்சிலால் மூலையில் குறித்துவிடுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் மறுபக்கம் தடம் விழும்.

ஆல்கஹால் மார்க்கர் மட்டுமே பயன்படுத்துபவர்களுக்கு ஆல்ஃபா சரிப்படாது. பின்பக்கம் ஊறி இறங்கும், பாதிப் புத்தகம் வீணாகும்.