ரத்தத்தில் சுற்றும் புற்றணுக்களைத் தேடும் பரிசோதனை: நாகர்கோவிலில் கிடைத்த சேவை

மார்பகப் புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்ட என் சித்திக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த இந்தப் பரிசோதனைக்காக, நாகர்கோவிலில் உள்ள ஒரு ரத்த சேகரிப்பு மையத்துக்குச் சென்றோம். குலசேகரத்திலிருந்து பேருந்தில் வந்து களைத்திருந்தவரைக் காக்க வைக்காமல் ரத்தம் எடுத்தார்கள். செல்களைக் கெடாமல் காக்கும் தனிக் குழாயில் எடுப்பதால் அறை வெப்பநிலையிலேயே 96 மணி நேரம் வரை தாங்கும் என்பது, மாதிரியை வெளியூருக்கு அனுப்ப வேண்டிய நம் மாவட்டத்துக்குப் பெரிய வசதி.

2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செல்சர்ச் முறை இது. 7.5 மில்லிலிட்டர் ரத்தத்தில், ஆயிரக்கணக்கான கோடி சிவப்பணுக்களுக்கு நடுவே, புற்றணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் எப்கேம் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசிய காந்தத் துகள்கள் அவற்றைப் பிரித்தெடுக்கின்றன. பிறகு சாயமேற்றி, வெள்ளையணுக்களை விலக்கி எண்ணுகிறார்கள். பரவிய மார்பகப் புற்றுநோயில் எண்ணிக்கை ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் நோயின் போக்கு கடுமையாக இருக்கக்கூடும். எப்கேமை இழந்துவிட்ட புற்றணுக்கள் இந்த வலையில் சிக்காமல் நழுவிவிடும் என்பது முறையின் குறை.

சித்திக்கு வந்த எண் இரண்டு. ஐந்துக்குக் குறைவு என்பதால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. அறிக்கையைக் கொடுத்த ஊழியர், “அப்போ நோய் இல்லைம்மா” என்று சொன்னதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சித்தி அன்று மாலையே மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். மருத்துவரிடம் மறுபடி அழைத்துச் சென்று விளக்க வேண்டியதாயிற்று. ரத்தம் எடுப்பதற்கு இந்த மையத்தைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். அறிக்கையை மருத்துவரிடமே பிரித்துப் பாருங்கள்.