வளரும் டேபிளும் தொங்கும் ரெஃபரன்ஸும்: நகல், அரீனா, இன்டெக்ஸ்

ஒரு ஃபங்ஷனை அலசத் தொடங்கும் கம்பைலர், சிம்பல் டேபிளில் (நிரலில் வரும் பெயர்களின் விவரப் பட்டியலில்) அதற்குரிய பதிவின் ரெஃபரன்ஸை, அதாவது அது இருக்கும் நினைவக இடத்தைச் சுட்டும் குறிப்பை, எடுத்து வைத்துக்கொள்கிறது. அலசல் நடக்கும்போதே புதிய பெயர்கள் அதே டேபிளில் சேர்கின்றன. டேபிளைத் தாங்கும் வெக்டர் (தேவைக்கேற்ப வளரும் வரிசை) நிரம்பியதும் பதிவுகள் அனைத்தும் வேறிடத்துக்குப் பெயர்ந்து, பழைய நினைவகம் விடுவிக்கப்படுகிறது. கடைசியில் கண்டறிந்த ரிட்டர்ன் டைப்பை அந்தப் பழைய, இப்போது தொங்கும் ரெஃபரன்ஸ் வழியே எழுதினால், அது விடுவிக்கப்பட்ட இடத்தில் போய் விழும். சிறிய டெஸ்ட் ஃபைல்களில் வெக்டர் நிரம்புவதே இல்லை என்பதால், பிழை நெடுநாள் பதுங்கியிருக்கும்.

கொள்ளளவை முன்கூட்டியே கூட்டி வைப்பது பிழையைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது. பதிவை நகலெடுப்பது, படிக்க மட்டும் பயன்படும் இடங்களில் சரி. இங்கோ ரிட்டர்ன் டைப் நகலில் எழுதப்பட்டு, டேபிளில் பழைய மதிப்பே நிற்கும். கிராஷ் மறைந்து தவறான கோட் உருவாகும் என்பதால், இதை நான் மூலப்பிழையைவிட மோசமானதாகவே கருதுவேன். அவசரத் திருத்தம் வேண்டுமெனில், எழுதுவதற்குச் சற்று முன் பெயரைக் கொண்டு மறுபடி தேடுவதே நேர்மையான வழி.

நிரந்தரத் தீர்வுக்கு உண்மையான போட்டி அரீனாவுக்கும் இன்டெக்ஸுக்கும் இடையில்தான். அரீனா என்பது பதிவுகளை அடுத்தடுத்து வைத்து, கடைசியில் மொத்தமாக விடுவிக்கும் நினைவகத் தொகுதி. அதில் வைத்த பதிவு இடம்பெயராது. கிளாங் என்ற C/C++ கம்பைலர் தன் சின்டாக்ஸ் ட்ரீயின் (கோடின் இலக்கண அமைப்பைக் காட்டும் மரத்தின்) நோடுகளை இவ்வாறுதான் வைக்கிறது. டேபிளில் பாயிண்டர் (பதிவின் முகவரி) மட்டும் இருப்பதால், அது எத்தனை முறை பெயர்ந்தாலும் கவலையில்லை. ஏற்கெனவே உள்ள கோடிலும் மாற்றம் குறைவு. ஆனால் தனித்தனிப் பதிவுகளின் நினைவகத்தை இடையில் திருப்பித் தர முடியாது. ஒரு ஃபைலை முடித்ததும் வெளியேறும் கம்பைலருக்கு இது பொருட்டல்ல. எடிட்டரின் பின்னணியில் நாள் முழுதும் ஓடும் லாங்குவேஜ் சர்வருக்கு இது பெருஞ்சுமை.

இன்டெக்ஸ் முறையில், முகவரிக்குப் பதில் டேபிளில் பதிவு இருக்கும் வரிசை எண்ணை வைத்துக்கொள்கிறோம். 32 பிட் இன்டெக்ஸ், 64 பிட் பாயிண்டரில் பாதி இடமே எடுக்கும். டிஸ்கில் சேமித்து அடுத்த கம்பைலில் பயன்படுத்தவும் வசதியானது. டேபிளை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கடத்த வேண்டிய தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம். மெய்யான ஆபத்து வேறு: நீக்கப்பட்ட இடத்தில் புதிய பதிவு ஏறினால், பழைய இன்டெக்ஸ் முறையான நினைவகத்தையே சுட்டும், தவறான நினைவக அணுகலைப் பிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிடைசருக்கு அதில் குறையேதும் தெரியாது. எனவே நீக்கிய இடத்தை மறுபடி பயன்படுத்தும் டேபிளில், இன்டெக்ஸோடு, இடம் மறுபடி பயன்படும்போதெல்லாம் மாறும் ஒரு தலைமுறை எண்ணையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். பதிவுகள் நீக்கப்படாமலும் டிஸ்குக்குப் போகாமலும் இருந்தால், நான் அரீனாவையே தேர்வேன்.

எதுவாயினும், டெஸ்ட் பில்டில் ஒவ்வொரு பெயர் சேரும்போதும் டேபிளை வலிந்து இடம்பெயரச் செய்து, சானிடைசரோடு ஓட்டினால், எஞ்சியுள்ள தொங்கும் ரெஃபரன்ஸ்கள் சிறிய ஃபைலிலேயே சிக்கும்.